மெல்பர்னில் முதல் குடும்பப் படகு: பழைய படகு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆல்டோனா, மோர்டியாலக், ஃபிராங்க்ஸ்டன் இறங்குதுறைகளில் தூண்டில் போட்டுப் பழகிய மெல்பர்ன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சில ஆண்டுகளில் சொந்தப் படகு வாங்கும் எண்ணம் வந்துவிடுகிறது. காரின் பின்னால் டிரெய்லரில் இழுத்துச் செல்லக்கூடிய, மீன்பிடிக்கவும் குழந்தைகளுடன் விரிகுடாவைச் சுற்றிவரவும் ஏற்ற, ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள பழைய படகுகளைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். விதிகள் எல்லாம் விக்டோரியா மாநிலத்துக்குரியவை.

முதல் படகைப் புதிதாகவே வாங்கினால் என்ன?

பணம் இருந்தாலும் பழையதையே வாங்குங்கள் என்பதே எங்கள் கருத்து. உங்கள் குடும்பத்துக்கு எப்படிப்பட்ட படகு தேவை என்பது ஒரு கோடைக்காலம் முழுவதும் கடலில் இறங்கிய பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். மீன்பிடிப்பதற்கென்று வாங்கியவர் குழந்தைகள் நீந்த விரும்புவதால் கடற்கரையோரமே நங்கூரமிட்டிருப்பார். ஊர்சுற்ற வாங்கியவர் விடியலில் ஸ்னாப்பர் மீனைத் தேடிப் போகத் தொடங்கியிருப்பார். புதுப்படகு முதல் சில ஆண்டுகளில் விலையில் வெகுவாக இறங்கிவிடும். நல்ல நிலையிலுள்ள பழைய படகை இரண்டு மூன்று ஆண்டுகள் பேணி ஓட்டி விற்றால், போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் சந்தையில் மிக மலிவான படகைத் தேட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பேணப்படாத படகு எந்த விலைக்குக் கிடைத்தாலும் அது விலை கூடிய படகுதான்.

எந்த அளவு, எந்த வடிவம் என்று முடிவு செய்வது எப்படி?

படகைப் பார்க்கும் முன் நீர்ப்பரப்பைப் பாருங்கள். மெல்பர்னை ஒட்டிய போர்ட் பிலிப் விரிகுடாவின் பரப்பு ஏறத்தாழ 1,930 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடமே 24 மீட்டர்தான், பெரும்பகுதி அதைவிடவும் ஆழம் குறைந்தது. இவ்வளவு அகன்ற, ஆழமற்ற நீரில் காற்று எழும்பினால் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். கோடையில் காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் கடல், பிற்பகலில் தெற்கிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கியதும் சிறுபடகை அடித்துத் துவைக்கும் நீராகிவிடும். காலையில் போகும் பயணத்தை வைத்துப் படகின் அளவைத் தீர்மானிப்பது தவறு. அந்தப் பிற்பகல் காற்றில் மனைவி மக்களுடன் கரைதிரும்பும் பயணத்தை மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

அதன் கிழக்கே உள்ள மற்றொரு விரிகுடாவான வெஸ்டர்ன் போர்ட்டின் இயல்பு வேறு. அங்கு நீர்மட்டம் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றும்போது பரந்த சேற்றுத்திடல்கள் வெளிப்படும். கால்வாய்களில் நீரோட்டம் வேகமாக ஓடும். நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் வேளையில் அலை எதிர்பாராத அளவுக்கு உயரும். ஆழம் காட்டும் கருவியும் வரைபடமும் இல்லாமல் அங்குப் புதியவர்கள் போகக் கூடாது. ஜிப்ஸ்லாந்து ஏரிகளிலும் ஐல்டன் ஏரியிலும் மட்டுமே ஓட்டப்போகிறீர்கள் என்றால் இன்னும் எளிய, சிறிய படகே போதும்.

போர்ட் பிலிப்பை முதன்மையாகக் கொண்ட நால்வர் குடும்பத்துக்கு 5 முதல் 5.6 மீட்டர் நீளமும், அடிப்பாகத்தில் ஓரளவு ஆழமான V வடிவமும், 75 முதல் 115 குதிரைத்திறனும் கொண்ட ஹாஃப் கேபின் படகைப் பரிந்துரைக்கிறோம். அணியத்தில் (படகின் முன்பகுதியில்) உள்ள சிறு அறை குழந்தைகள் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒதுங்கவும், கையடக்கக் கழிப்பறை வைக்கவும் உதவும். பின்தளம் மீன்பிடிக்க இடம் தரும். முன்புறம் இருக்கைகள் திறந்திருக்கும் பௌரைடர் அமைதியான ஏரியில் அழகானது. விரிகுடாவின் பிற்பகல் அலையில் முன்னிருக்கையில் யாரும் உட்கார முடியாது. சுக்கான் மேடை நடுவில் நிற்கும் திறந்த சென்டர் கன்சோல் படகு தூண்டிற்காரருக்கு அருமையானது என்றாலும், பாட்டியும் கைக்குழந்தையும் வரும் குடும்பத்துக்கு அதில் நிழலும் மறைவும் இல்லை.

அலுமினியப் படகா, ஃபைபர் படகா?

இரண்டிலும் நல்லவை உண்டு. அலுமினியம் எடை குறைந்தது. சிறிய காரே இழுக்கும். இறக்கும் சரிவில் உரசினாலும் பெரிய சேதமில்லை. உள்ளே மரம் குறைவாக இருப்பதால் அழுகல் பற்றிய அச்சமும் குறைவு. குவின்ட்ரெக்ஸ், ஸ்டேசர் போன்ற படகுகள் சந்தையில் நிறையக் கிடைப்பதால் விலையை ஒப்பிடுவதும் எளிது. ஃபைபர் எடை கூடியது. ஆனால் அந்த எடையே குறுகிய அலையை மென்மையாக வெட்டிச் செல்ல உதவுகிறது. அலையில் படகு அடிக்கும் ஓசைக்கு அஞ்சும் குழந்தைகளோ, முதுகுவலி உள்ள பெரியவர்களோ வருவார்கள் என்றால், நன்கு பேணப்பட்ட ஃபைபர் படகையே நாங்கள் தேர்ந்தெடுப்போம்.

ஃபைபர் படகின் உள்ளே அழுகல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது?

இந்தக் கேள்விக்குத்தான் வாங்குபவர் அதிக நேரம் செலவிட வேண்டும். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில், எஞ்சினைத் தாங்கும் பின்பலகையும் தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளும் மரத்தாலோ பிளைவுட்டாலோ செய்யப்பட்டு, ஃபைபரால் மூடப்பட்டவை. எப்போதோ எவரோ போட்ட திருகாணித் துளை ஒன்று சரியாக அடைக்கப்படாமல் இருந்தால், அதன் வழியே நீர் மெல்ல உள்ளே இறங்கி மரத்தை அழுகச் செய்யும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே மரம் ஈரத்தூளாகிவிட்டிருக்கக்கூடும். பின்பலகையை முழுவதுமாக மாற்றும் செலவு சில வேளைகளில் படகின் விலையையே நெருங்கிவிடும்.

எஞ்சினைச் சற்றே மேலே சாய்த்து வைத்து, அதன் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழுமாக உறுதியாக அசையுங்கள். உடன் வந்தவர் பின்பலகையைக் கவனிக்கட்டும். பலகை வளைந்தாலோ, எஞ்சின் பிடிப்பின் ஓரத்திலும் மூலைகளிலும் கீறல் விரிந்து மூடினாலோ அந்தப் படகை விட்டுவிடுங்கள். பிறகு சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் பின்பலகை முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; ஈரம் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும். விற்பவர் இசைந்தால், நீர்மட்டத்துக்கு அருகில் உள்ள, ஆழங்காட்டியின் உணரியைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். துளையிலிருந்து பழுப்பு நீரோ கருத்த மரத்துகளோ வந்தால் வேறு சான்று தேவையில்லை. இதற்கு இசையாத விற்பவரை நாங்கள் குறை சொல்லமாட்டோம், ஆனால் ஈரமானியுடன் ஒரு படகு ஆய்வாளர் வந்து பார்ப்பதற்கும் அவர் மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தரையில் வெறுங்காலுடன் ஒவ்வோர் அடியாக அழுத்தி நடந்து பாருங்கள். கம்பளம் போர்த்திய தரையில் ஓரிடம் மட்டும் மெத்தென்று இறங்கினால் அடியில் பிளைவுட் கெட்டிருக்கலாம். மிதப்புக்காக அடியில் நிரப்பிய நுரை நீரை உறிஞ்சிவிட்டால் படகின் எடை வெகுவாகக் கூடும். ஐயம் இருந்தால், வாகன எடைமேடையில் படகையும் டிரெய்லரையும் நிறுத்தித் தயாரிப்பாளர் சொல்லும் எடையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது செலவு குறைந்த, நம்பகமான வழி.

பழைய ஃபைபர் உடல்கள் எல்லாமே தவிர்க்கத்தக்கவை என்று எண்ணிவிட வேண்டாம். ஹெய்ன்ஸ் ஹன்டர் வி17 போன்ற பழைய படகுகளை இன்றும் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். முறையாகப் புதிய பின்பலகையும் தரையும் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்களையும் பட்டியல்களையும் காட்டும் ஒருவரிடமிருந்து வாங்கும் 30 ஆண்டுப் படகு, யாரும் திறந்து பார்க்காத 12 ஆண்டுப் படகைவிட நம்பத்தக்கது.

அலுமினியப் படகில் எதைப் பார்ப்பது?

பற்றவைப்புகளில் கீறல்கள், தளர்ந்த ரிவிட்டுகள், கம்பளத்துக்கு அடியிலும் எரிபொருள் தொட்டியைச் சுற்றியும் வெண்தூளாகப் பூத்திருக்கும் அரிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். படகின் அடியில் தங்கிவிட்ட செம்புக்கம்பித் துண்டுகூட உப்புநீருடன் சேர்ந்து அலுமினியத்தை அரித்துத் துளையிட்டுவிடும். ரிவிட் கசிவை அறிய, டிரெய்லரில் இருக்கும்போதே வடிகால் அடைப்பானைப் போட்டு, உள்ளே சில அங்குல உயரம் மட்டும் நீர்விட்டு, வெளியே எங்கு சொட்டுகிறது என்று பார்க்கலாம். டிரெய்லர் தாங்காத அளவுக்கு நிரப்பிவிடக் கூடாது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் உள்ள படகை வாங்கலாமா? எத்தனை மணிநேரம் ஓடியிருந்தால் அதிகம்?

கார்புரேட்டர் வைத்த பழைய வகை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களின் இறக்குமதியை ஆஸ்திரேலிய அரசு 2018 ஜூலை 1 முதலும், புதியவற்றின் விற்பனையை 2019 ஜூலை 1 முதலும் மாசு விதிகளின் கீழ் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே உள்ளவற்றை ஓட்டவும் கைமாற்றவும் தடையில்லை. அவை எடை குறைந்தவை, பழுதுபார்க்க எளியவை. ஆனால் எரிபொருள் அதிகம் குடிக்கும், புகையும் ஓசையும் கூடும், விற்கும்போது கேட்பாரும் குறைவு. குடும்பத்துடன் நாள் முழுவதும் இருக்க வேண்டிய படகுக்கு ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினே தகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1980களில் வடிவமைத்த படகின் பின்பலகை அக்காலத்து டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் எடைக்கு ஏற்பச் செய்யப்பட்டது. அதே 90 குதிரைத்திறனில் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் 40 கிலோவுக்கு மேல் கூடுதலாக இருக்கலாம். அப்படி மாற்றிய படகுகளில் பின்பகுதி தாழ்ந்து, தளத்து வடிகால் துளைகள் வழியாகவே நீர் உள்ளே வருவதுண்டு. இருவர் பின்மூலையில் நின்றால் நீர்மட்டம் எங்கு வருகிறது என்று சோதனை ஓட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

ஓடிய மணிநேரத்தைப் பற்றிப் பலரும் தலைகீழாகக் கவலைப்படுகிறார்கள். ஆண்டுக்கு 60 மணிநேரம் ஓடி, ஒவ்வோர் ஆண்டும் சர்வீஸ் செய்யப்பட்டு, 600 மணிநேரம் காட்டும் எஞ்சின் நல்ல எஞ்சின். பத்து ஆண்டில் 80 மணிநேரமே ஓடிய எஞ்சினை விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அது உப்புநீர் படிந்து, பழைய பெட்ரோல் கெட்டு, குளிர்நீர்ப் பம்பின் ரப்பர் விறைத்துப்போய் நின்றிருந்த எஞ்சினாக இருக்கலாம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 100 மணிநேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். அதற்கான பட்டியல்கள் கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அண்மைக்கால எஞ்சின்களின் கணினியில் பதிவாகியிருக்கும் மணிநேரத்தையும் பழுதுக் குறிப்புகளையும் அந்தந்த நிறுவனத்தின் முகவர் அச்சிட்டுத் தருவார்.

நேரில் பார்க்கப் போகும்போது, எஞ்சினை முன்னதாக இயக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனவுடன் மூடியைத் திறந்து கையால் தொட்டுப் பார்த்தால் சூடு காட்டிக்கொடுத்துவிடும். குளிர்ந்த எஞ்சின் எப்படித் தொடங்குகிறது என்பதே அதன் உண்மையான உடல்நிலை. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் செய்யுங்கள். ஒன்றுக்கொன்று 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடக் கூடாது. அடிக்காலில் உள்ள கியர் எண்ணெயைச் சிறிதளவு வடித்துப் பாருங்கள்; அது பால்போல் வெளுத்திருந்தால் சீல்கள் வழியே நீர் நுழைந்திருக்கிறது. சுழலியை (புரொப்பெல்லரை) கழற்றி, அதன் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். சீல்கள் கெடுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். அரிப்பைத் தான் ஏற்றுக்கொள்வதற்காகப் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருப்பது நல்ல அடையாளம். அவை பெயின்ட் பூசப்பட்டிருந்தால் வேலை செய்யவேயில்லை என்று பொருள்.

உள்ளே எஞ்சின் வைத்த ஸ்டெர்ன்டிரைவ் படகு மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும்; அதன் காரணத்தையும் அறிந்து வாங்க வேண்டும். கார் எஞ்சினைப் போன்ற ஒன்று படகின் உள்ளேயும், சுழலியுள்ள கால் வெளியேயும் இருக்கும் இந்த அமைப்பில், பின்பலகையின் துளையை நீரிலிருந்து காப்பது மடிப்பு ரப்பர் உறைகள்தாம். அவை முதிர்ந்து கிழிந்தால் படகு நின்ற இடத்திலேயே நீர் ஏறும். கடல்நீரிலேயே நேரடியாகக் குளிரும் எஞ்சின்களில் புகைபோக்கிக் குழாய்கள் உள்ளிருந்து அரித்து, நீர் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சினையே அழித்துவிடும். பெட்ரோல் ஆவி உள்ளறையில் தேங்கினால் வெடிக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் இயக்கும் முன் காற்றுவிசிறியை நான்கைந்து நிமிடம் ஓடவிட வேண்டும். ஏரியிலேயே வாழ்ந்த, ஆவணங்கள் உள்ள ஸ்டெர்ன்டிரைவ் படகு குடும்ப உலாவுக்கு இனியது. உப்புநீரில் பல ஆண்டுகள் இருந்த ஒன்றை முதல் படகாக வாங்க வேண்டாம்.

டிரெய்லரைப் பற்றி இவ்வளவு ஏன் வலியுறுத்துகிறீர்கள்?

முதல் ஆண்டில் குடும்பங்கள் நடுவழியில் நிற்பது பெரும்பாலும் கடலில் அல்ல, சாலையில். சூடேறிய சக்கரம் குளிர்ந்த உப்புநீருக்குள் இறங்கும்போது பேரிங் கூட்டினுள் நீர் உறிஞ்சப்படுகிறது. கிரீஸ் கெட்டு, பேரிங் உடைந்து, நெடுஞ்சாலையில் சக்கரமே கழன்றுபோவதும் உண்டு. ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் சுழற்றிக் கேளுங்கள். கரகரப்பும் ஆட்டமும் இருக்கக் கூடாது. வில்தகடுகளின் நடுவிலும், அச்சுடன் அவை சேரும் இடத்திலும், சட்டத்தின் குழாய்முனைகளிலும் துருவைத் தேடுங்கள். சிறு சுத்தியலால் தட்டும்போது துரு ஏடேடாக உதிர்ந்தால் அந்தச் சட்டம் முடிந்துவிட்டது. டயரில் பூ ஆழமாக இருக்கலாம், ஆனால் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரமும் ஆண்டும்தான் அதன் வயது. வின்ச்சுப் பட்டை, பாதுகாப்புச் சங்கிலி, விளக்குகள் ஆகியவை எளிதில் மாற்றக்கூடியவை.

பிரேக் விதி முக்கியம். சக்கரங்கள் தாங்கும் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், டிரெய்லர் தற்செயலாகப் பிரிந்துபோனால் தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். 5 மீட்டர் ஃபைபர் படகு எரிபொருள், பனிக்கட்டிப் பெட்டி, நங்கூரம் எல்லாம் ஏற்றிய பின் 1,300 முதல் 1,600 கிலோ வரை வருவது இயல்பு. உப்புநீரில் இறங்கும் பிரேக்குகள் மற்ற எந்த உறுப்பையும்விட விரைவில் இறுகிப்போகும் என்பதால், விற்பவரின் சொல்லை நம்பாமல் காலியான தெருவில் இழுத்துச் சோதியுங்கள்.

எங்கள் காரால் இழுக்க முடியுமா?

காரின் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கான இழுவை எடையும், கொக்கியின் மீது இறங்கக்கூடிய எடையும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். கொக்கியின் தகட்டிலும் ஓர் எண் இருக்கும். இவற்றுள் குறைந்ததே உங்கள் எல்லை. ஒரே பெயருள்ள காரில் இருசக்கர இயக்க வகைக்கும் நாற்சக்கர இயக்க வகைக்கும் இழுவை எடை பெரிதும் வேறுபடுவது உண்டு, ஆகவே அடுத்த வீட்டாரின் கார் இழுப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லைக்கு மிக நெருங்கிய எடையுடன் வாங்குவதும் வேண்டாம். ஈரமான, பாசி படிந்த இறக்கத்திலிருந்து படகை மேலே இழுப்பது சமதளச் சாலையில் இழுப்பதைவிடக் கடினமானது.

வாங்கும் முன் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். தோட்டக்குழாயில் நீர் கொடுத்து வீட்டு முற்றத்தில் எஞ்சினை இயக்கிக் காட்டுவது கடலோட்டத்துக்கு ஈடாகாது. சுமையில்லாமல் எந்த எஞ்சினும் இனிமையாகவே பாடும். உங்கள் வீட்டார் எத்தனை பேரோ அத்தனை எடையுடன் ஓட்டிப் பாருங்கள். படகு எவ்வளவு விரைவில் நீர்மேல் எழுந்து சறுக்கத் தொடங்குகிறது, முழு வேகத்தில் எஞ்சினின் சுழற்சி தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குள் வருகிறதா, குளிர்நீர்த் தாரை சீராக வெளியேறுகிறதா, சுக்கான் இருபுறமும் ஒரேபோல் இளகித் திரும்புகிறதா என்று கவனியுங்கள். ஒருவர் பின்தளத்தில் நின்று எரிபொருள் மணம் வருகிறதா என்று பார்க்கட்டும். அரைமணிநேரம் ஓடியபின் கரைக்கு வந்ததும் அடிப்பள்ளத்தில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஊரில் கடற்றொழில் பார்த்த பெரியவர் உங்கள் குடும்பத்திலோ நட்பிலோ இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஃபைபர் படகை எஞ்சின் கைப்பிடியால் ஓட்டிப் பழகிய அவருக்கு இங்குள்ள திரைகளும் பொத்தான்களும் புதிதாக இருக்கலாம். ஆனால் படகு அலையில் எப்படி எழுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்பும்போது எங்கே பிடி தளர்கிறது என்பவற்றை அவர் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்.

ஆவணங்களில் எவற்றைச் சரிபார்ப்பது?

படகுக்கும் டிரெய்லருக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. இரண்டும் விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். பதிவு என்பது உரிமைக்கான முழுச்சான்று அல்ல. படகின் மீது கடன் நிலுவையில் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனம் உங்களிடமிருந்தே படகை எடுத்துச் செல்ல முடியும். ஆகவே 2012 முதல் நாடு முழுவதற்கும் இயங்கும், உடைமைகளின் மீதுள்ள கடன்களைக் காட்டும் பிபிஎஸ்ஆர் (PPSR) பதிவேட்டில் படகு, டிரெய்லர் ஆகியவற்றின் அடையாள எண்களை இட்டுத் தேடுங்கள். ஒரு தேடலுக்கு 2 டாலர்தான். படகின் அடையாள எண் பொதுவாகப் பின்பலகையின் வலப்புற மேல்பகுதியில் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தாலோ, தாளில் உள்ளதுடன் பொருந்தாவிட்டாலோ விலகிவிடுங்கள்.

2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு கட்டிய படகுகளில் ஆஸ்திரேலியக் கட்டுமானத் தகடு இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் என்ற எல்லைகள் அதில் உள்ளன. தகட்டில் 90 என்றிருக்க, பின்னால் 130 குதிரைத்திறன் எஞ்சின் தொங்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். பணம் கொடுக்கும் முன்பே காப்பீட்டுக் கட்டணம் கேட்டுப் பாருங்கள். பழைய படகுகளுக்குச் சிலர் ஆய்வறிக்கை கேட்பார்கள்.

தனியாரிடம் வாங்குவதா, முகவரிடமா?

முகவர் தம் சொந்தப் படகை விற்கும்போது நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. தனியாரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. முகவர் வேறொருவருக்காக விற்றுக்கொடுக்கும் படகுகளும் அவர் முற்றத்திலேயே நிற்கும். எது எவருடையது என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விலை கூடினாலும் முதன்முறை வாங்குபவர்களுக்கு முகவர் நல்லவர் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நாங்கள் முழுமையாக ஏற்கவில்லை. பத்து ஆண்டுகள் தாமே ஓட்டி, கழுவி, பட்டியல்களைக் கோப்பில் வைத்திருக்கும் தனி உரிமையாளரே ஆகச் சிறந்த விற்பவர். இருவரில் எவரிடம் வாங்கினாலும், விற்பவருடன் தொடர்பில்லாத கடல் எஞ்சின் மெக்கானிக் ஒருவருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் செய்யுங்கள்.

எப்போது வாங்கினால் விலை குறையும்? எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில் தேடுபவர் குறைவு. பேசுவதற்கு இடம் உண்டு. அக்டோபரில் ஸ்னாப்பர் விரிகுடாவுக்குள் வரத் தொடங்கியதும் விலைகள் இறுகும். நவம்பர் முதல் செவ்வாயன்று வரும் மெல்பர்ன் கோப்பை விடுமுறையை ஒட்டிய நாள்களில் படகுத்துறைகளே நிரம்பி வழியும்.

எஞ்சினுக்கும், பின்பலகைக்கும், டிரெய்லருக்கும் கூடுதல் விலை கொடுங்கள். மீன்காட்டித் திரை, பாட்டுப்பெட்டி, புது மெத்தை, வண்ண விளக்கு ஆகியவற்றுக்குக் கொடுக்காதீர்கள். புதிதாக 100 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்த 15,000 டாலருக்கு மேல் ஆகும் நிலையில், பெரிய திரையைக் காட்டி விலையேற்றுவது வாங்குபவரின் கண்ணை எஞ்சினிலிருந்து திருப்பிவிடுகிறது. கையில் உள்ள தொகை முழுவதையும் படகுக்கே கொடுத்துவிடாமல், ஐந்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுச் செலவுக்கென ஒதுக்கி வையுங்கள். மின்கலம், பேரிங், குளிர்நீர்ப் பம்பு, உயிர்காப்பு உடைகள், பதிவு, காப்பீடு என்று அது கரைந்துவிடும்.

குழந்தைகளும் முதியவர்களும் வருவார்கள் என்றால் எதைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்?

பக்கச்சுவரின் உயரத்தை முதலில் பாருங்கள். வளர்ந்தவர் நிற்கும்போது அது தொடையின் நடுப்பகுதி வரையாவது வர வேண்டும். முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும் படகில் மீன் ஏற்றக் குனிபவர் எளிதில் நீரில் விழுவார். விழுந்தவர் தாமே ஏறிவரப் பின்புறத்தில் நீருக்குள் இறங்கும் ஏணி இருக்க வேண்டும், ஏனெனில் உடை நனைந்த ஒருவரைப் பக்கவாட்டில் தூக்கி ஏற்றுவது இருவர் சேர்ந்தாலும் கடினம். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகள், நிரந்தர நிழற்கூரை, வழுக்காத தரை ஆகிய மூன்றும் இருந்தால் பெரியவர்கள் மறுமுறையும் வருவார்கள். இவற்றைவிடக் கழிப்பறை ஏற்பாடு முக்கியம் என்று பெண்கள் பலர் சொல்கிறார்கள். ஆண்கள் மட்டுமே போய்ப் படகு பார்த்துவரும் வீடுகளில் இது விடுபட்டுவிடுகிறது. படகு பார்க்கப் போகும்போது குடும்பமே போங்கள்.

4.8 மீட்டர் வரை நீளமுள்ள விசைப்படகு ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்த பகுதியில் உள்ள அனைவரும் உயிர்காப்பு உடை அணிந்திருக்க வேண்டும் என்பது விதி. படகு அதைவிடப் பெரிதாக இருந்தாலும் உங்கள் படகில் இதையே வீட்டு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உடையை அதன் எடைக்கு ஏற்பப் புதிதாக வாங்குங்கள். விற்பவர் விட்டுச்செல்லும் பழைய உடையைக் குழந்தைக்கு மாட்டக் கூடாது.

விற்பவர் தரும் பாதுகாப்புப் பொருள்களை அப்படியே பயன்படுத்தலாமா?

ஒவ்வொன்றின் காலாவதி நாளையும் பாருங்கள். தீச்சமிக்ஞைகள் பொதுவாக மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். கரையிலிருந்து 2 கடல்மைலுக்கு அப்பால் வெளிக்கடலுக்குப் போனால் கட்டாயமாகும் இபிர்ப் எனும் அவசர ஒலிபரப்பி பழைய உரிமையாளரின் பெயரில் பதிவாகியிருக்கும். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் உங்கள் பெயருக்குக் கட்டணமின்றி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆபத்து நேரத்தில் மீட்புப் படையினர் தொலைபேசியில் அழைப்பது உங்கள் வீட்டை அல்ல. விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் ஆபத்து அழைப்பு விடுப்பது எப்படி என்று உங்களுடன் வரும் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுங்கள். நீரில் விழுபவர் ஓட்டுநராகவும் இருக்கலாம்.

என்னென்ன உரிமங்கள் வேண்டும்?

படகோட்டுவதற்கு விக்டோரியாவின் மரைன் உரிமம் வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வு உண்டு. 12 முதல் 15 வயது வரையிலானோர் கட்டுப்பாடுகளுடன் கூடிய உரிமம் பெறலாம். மீன்பிடிக்க 18 முதல் 69 வயது வரையிலான ஒவ்வொருவருக்கும் தனித்தனி மீன்பிடி உரிமம் தேவை. விக்டோரிய மூத்தோர் அட்டை வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு. வீட்டுத் தலைவரின் உரிமம் படகில் உள்ள எல்லாருக்கும் பொருந்தாது என்பதை மறந்து தண்டம் கட்டுவோர் இருக்கிறார்கள்.

வாங்கிய பின் முதல் மாதத்தில் என்ன செய்வது?

எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், எரிபொருள் வடிகட்டி, குளிர்நீர்ப் பம்பின் ரப்பர், டிரெய்லர் பேரிங் ஆகியவற்றை விற்பவர் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள். அன்றிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குத் தொடங்கட்டும். தொட்டியில் உள்ள பழைய பெட்ரோலை வெளியேற்றுங்கள். எத்தனால் கலந்த இ10 எரிபொருள் ஈரத்தை இழுத்துத் தொட்டியின் அடியில் நீராகப் பிரியக்கூடும் என்பதால் படகுக்கு அதைத் தவிர்க்க வேண்டும்.

காற்றில்லாத வேலைநாள் காலையொன்றில், கூட்டமில்லாத துறையில், இறக்குவதையும் ஏற்றுவதையும் மட்டுமே பல முறை செய்து பழகுங்கள். அடுத்ததாகக் கரை தெரியும் தொலைவில் நங்கூரமிட்டு எடுக்கப் பழகுங்கள். நங்கூரத்தை எப்போதும் அணியத்திலிருந்தே போட வேண்டும். பின்புறத்திலிருந்து போட்டால் அலை பின்பலகையைத் தாண்டி ஏறும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு சேமிப்பு என்ற கணக்கை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். வானிலை நிலையம் போர்ட் பிலிப்புக்கும் வெஸ்டர்ன் போர்ட்டுக்கும் தனித்தனியே வெளியிடும் முன்னறிவிப்பில் காற்றின் வேகம் 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) அளவுக்கு மேல் என்றிருந்தால் அன்று படகை எடுக்காதீர்கள். பாயிண்ட் நேப்பியனுக்கும் பாயிண்ட் லான்ஸ்டேலுக்கும் இடைப்பட்ட விரிகுடா வாயிலில் பெரிய கப்பல்களே வழிகாட்டியுடன்தான் நுழைகின்றன. அந்தப் பக்கம் முதல் பருவத்தில் போகவே வேண்டாம்.

ஒவ்வொரு முறை கரையேறியதும் நன்னீரால் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவி, டிரெய்லரின் அடிப்பக்கத்தையும் பிரேக்கையும் நனைய நனையக் கழுவி, வடிகால் அடைப்பானைக் கழற்றிச் சாவிக்கொத்துடன் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை சாவியை எடுக்கும்போது, படகை நீரில் இறக்கும் முன் அதைப் பொருத்த வேண்டும் என்பது நினைவுக்கு வரும்.